இடது முன்கை, நாலு விரல் மேலே

படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் ஜனங்கள் எழுந்து போகாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஒன்று படம் ரொம்ப நன்றாக இருக்க வேண்டும், அல்லது யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்கக் கூடாது. அந்தப் படத்துக்கு இரண்டும் சேர்ந்து நடந்தது. கடைசிக் காட்சிக்கு என்ன அர்த்தம் என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த நாட்களில், அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நோட்டு அக்காதான். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நோட்டு அக்கா என்பது படப்பிடிப்புத் தளத்தில் வைத்த பெயர். சினிமாவில் கன்டினியூட்டி பார்க்கிறவள் அவள். வெளியாட்களுக்கு இந்த வேலையைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு வீட்டுக்குள் நடக்கிற சண்டையைத் திங்கட்கிழமை பாதி, வியாழக்கிழமை பாதி என்று எடுப்பார்கள். திங்கட்கிழமை கதாநாயகன் சட்டையில் இரண்டு பட்டன் போடாமல் இருந்தால் வியாழக்கிழமையும் அதே இரண்டு பட்டன் திறந்திருக்க வேண்டும். டம்ளரில் தண்ணீர் எவ்வளவு, சன்னல் எந்த அளவுக்குச் சாத்தியிருந்தது, அழுதவள் எந்தக் கண்ணை முதலில் துடைத்தாள் என்று அத்தனையையும் போட்டோ பிடித்து, ஒரு நீள நோட்டில் எழுதிவைத்து, அடுத்த தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்ப்பது அவள் பொறுப்பு. வேலையை ஒழுங்காகச் செய்தால் அப்படி ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது. ஒழுங்காகச் செய்யாவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமலே இருந்தது அவளுக்குப் பெரிய பெருமை.

படத்தின் கதை இதுதான். ஒரு விபத்தில் காணாமல் போன மனைவி பதினோரு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறாள். அதே முகம், அதே குரல். ஆனால் புருஷனுக்குச் சந்தேகம், இவள் அவள்தானா என்று. அவள் கதவைச் சாத்துகிற சத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்கிறான். செருப்பை இடம் மாற்றிக் கழற்றி விடுகிறாள் என்கிறான். இரண்டு மணி நேரம் பார்க்கிறவனையும் பைத்தியமாக்கிவிட்டு, கடைசியில் அவள் முழுக்கைச் சட்டையின் கையை மடித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறாள். முன்கையில் பழைய இஸ்திரிப் பெட்டித் தழும்பு. புருஷன் அதைத் தொட்டுப் பார்த்து ஓவென்று அழுகிறான். அவள்தான் இவள். கோளாறு அவன் மூளையில்தான். சுபம்.

டைரக்டர் எழுதிய முடிவு இவ்வளவுதான். சந்து பொந்து எதுவும் அதில் கிடையாது. ஆனால் விபத்துக்கு முந்திய பழைய காட்சிகளில் மனைவியின் தழும்பு இடது கையில் இருந்தது. கடைசிக் காட்சியில் வலது கையில் இருந்தது.

இது எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய காட்சிகள் எடுத்தபோது நோட்டு அக்கா நோட்டில் தெளிவாக எழுதியிருந்தாள்: இடது முன்கை, மணிக்கட்டிலிருந்து நாலு விரல் மேலே, முக்கோணம், முனை முழங்கைப் பக்கம். கூடவே ஒரு போட்டோவும் எடுத்தாள். கதாநாயகிக்கு முகத்துக்கு நேரே போனை நீட்டினால் பிடிக்காது, வள்ளென்று விழுவார். அதனால் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மேக்கப் கண்ணாடியில் தெரிந்த உருவத்தை எடுத்துக்கொண்டாள். கண்ணாடியில் எடுத்தால் கை மாறித் தெரியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நோட்டில் எழுதியிருக்கிறதே என்ற தைரியம் அவளுக்கு.

கடைசிக் காட்சியை இரண்டரை மாதம் கழித்து எடுத்தார்கள். அன்றைக்கு நல்ல மழை. நோட்டு நனைந்துவிடும் என்று வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மேக்கப்காரர் தழும்புப் பசையைக் குழைத்துக்கொண்டே, "வலதா இடதா, நோட்டம்மா?" என்று கேட்டார். நடுவில் அவர் வேறு மூன்று படங்களுக்கு வெட்டுக்காயமும் தீக்காயமும் போட்டுவிட்டு வந்திருந்தார், ஞாபகம் இருக்க நியாயமில்லை. கதாநாயகிக்கோ தழும்பு எந்தக் கையில் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. நோட்டு அக்கா போனைத் திறந்து அந்தப் போட்டோவை நீட்டினாள்.

"இதுல இருக்கிற மாதிரியே போடுங்க அண்ணா."

அவர் அப்படியே போட்டார். மணிக்கட்டிலிருந்து நாலு விரல் மேலே, முக்கோணம், முனை முழங்கைப் பக்கம். ரொம்ப அருமையான தழும்பு.

பத்து நாள் கழித்து எடிட்டர் கண்டுபிடித்தார். அதற்குள் செட்டைப் பிரித்தாயிற்று, கதாநாயகி அடுத்த படத்துக்காக மொட்டை அடித்துக்கொண்டாயிற்று. காட்சியை இடம்வலமாகத் திருப்பிப் போடலாம் என்றால் பின்னால் சுவரில் எண்கள் போட்ட கடிகாரம் தொங்கியது. திருப்பினால் எண்கள் மாறி, முள் பின்னோக்கி ஓடும். தயாரிப்பாளர், "எந்த மடையன் கையைப் பாக்கப் போறான், முகத்தைத்தான் பாப்பான்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். டைரக்டருக்குக் கோபத்தை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. எடிட்டிங் அறையில் பன்னிரண்டு பேர் நிற்க, "யாருய்யா இதைப் போட்டது?" என்று கத்தினார்.

"நான்தான் சார்" என்றார் மேக்கப்காரர்.

"முப்பது வருஷ சர்வீஸாம். கை எதுன்னு தெரியாதவனெல்லாம் மேக்கப்மேன்! வெளிய போய்யா!"

அந்த நேரத்தில் நோட்டு அக்கா போனைத் திறந்து போட்டோவைப் பார்த்தாள். ஓரத்தில் பவுடர் டப்பா. அதன் மேல் இருந்த எழுத்துகள் திரும்பியிருந்தன. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பயம்தான் காரணம். கன்டினியூட்டி பார்க்கிறவள் இந்த மாதிரித் தப்புச் செய்தாள் என்று தெரிந்தால் அதற்கப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். இதற்கு மேல் சப்பைக்கட்டுக் கட்ட அவள் மனசே இடம் கொடுக்கவில்லை. பதினாலு வருஷமாக மேக்கப்காரர் மேசையின் ஓரத்தில்தான் அவள் தன் டீ டம்ளரை வைப்பாள். அவளுக்கு முதுகுவலி வந்த படத்தில் அவர்தான் நாற்காலிக்கு மெத்தை தைத்துக் கொடுத்தார். அந்த மனுஷர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார், அவள் தலையைக் குனிந்து நோட்டில் எதையோ எழுதுவது போல நின்றாள். 'கை தெரியாதவர்' என்று ஒரு பெயர் அவருக்கு முன்னாலேயே எல்லாக் கம்பெனிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. வேலை இல்லை. கடைசியில், துணிக்கடையில் நிறுத்துகிற பொம்மைகளுக்கு முகம் எழுதுகிற பட்டறை ஒன்றில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டாள். இரண்டு தடவை அந்தத் தெரு முனை வரைக்கும் போனாள். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டாள்.

படம் வெளியாகி முதல் வாரம் ஈ ஓட்டியது. இரண்டாவது வாரம் விளக்கக்காரர் வந்தார்.

விளக்கக்காரர் என்பவர் முப்பது வயது தாண்டிய தாடிக்காரர். படங்களின் முடிவுக்கு அர்த்தம் சொல்லி வீடியோ போடுவது அவர் தொழில். நேராக இருக்கிற முடிவைக்கூடக் கோணலாக்கிக் காட்டுவதில் கெட்டிக்காரர். அவர் கண்ணில் இந்த வலது கை பட்டுவிட்டது. நாற்பது நிமிஷ வீடியோ. "பாருங்க! நிஜ மனைவிக்குத் தழும்பு இடது கையில. இவளுக்கு வலது கையில. அப்ப இவ யாரு? ஆள் மாறாட்டம் செய்யறவ. பழைய போட்டோ ஒண்ணை வெச்சுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து, தழும்பைத் தானே வரைஞ்சிருக்கா. கண்ணாடியைப் பாத்து வரைஞ்சதால கை மாறிப்போச்சு! புருஷன் சொன்னதுதான் உண்மை. அவன் அழுதது சந்தோஷத்துல இல்ல, தோத்துப்போனதுல!"

வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைப் பார்த்த நோட்டு அக்கா சோற்றில் கை வைத்தபடியே நிறுத்திவிட்டாள். கண்ணாடி வரைக்கும் வந்துவிட்டான், பாவி. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் நேரே அவள் கைப்பைக்குள் வந்து விழுந்திருப்பான். ஆனால் தப்பு நடந்திருக்கும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு பெரிய மூளைக்கு அவ்வளவு சின்ன விஷயம் எட்டாது போலிருக்கிறது.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஜனங்கள் இரண்டாவது தடவை கையைப் பார்க்கப் போனார்கள், மூன்றாவது தடவை கடிகாரத்தைப் பார்க்கப் போனார்கள். கடைசிக் காட்சியே புருஷனின் கற்பனை என்று ஒரு கட்சி. கடைசிக் காட்சிதான் நிஜம், அதுவரைக்கும் பார்த்த படம் முழுக்கக் கண்ணாடிக்குள் நடந்தது என்று இன்னொரு கட்சி. அவளுடைய வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அவர் முதல் கட்சி. கடைக்கு வருகிறவர்களுக்குப் பவர் பார்த்துக்கொண்டே கதையும் சொல்லி அனுப்புவார்.

"ஏங்க, அது தப்பா போட்டது" என்று ஒரு நாள் அவரிடம் சொல்லியே விட்டாள். "நான் எடுத்த போட்டோவைப் பாத்துப் போட்டது. கண்ணாடியில எடுத்த போட்டோ."

வீட்டுக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கு என்ன தெரியும்? டைரக்டர் மனசுல இருக்கிறதெல்லாம் உன்கிட்ட சொல்லிட்டா செய்வார்? அவர்தான் உன்னைக் கண்ணாடியில எடுக்க வெச்சிருப்பார். உனக்கே தெரியாம."

"அந்தம்மா மூஞ்சிக்கு நேரா போன் நீட்டினா திட்டுவாங்க, அதனால எடுத்தேன்."

"அந்தம்மாவைத் திட்டச் சொன்னது யாரு?"

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

டைரக்டர் முதல் மூன்று நாள் பேட்டிக்காரர்களிடம் மென்று விழுங்கினார். நான்காம் நாள் "பார்வையாளர்களோட அறிவை நான் மதிக்கிறேன்" என்றார். பத்தாம் நாள் "முதல் எழுத்துப் பிரதியிலயே அது இருந்துச்சு" என்றார். எடிட்டிங் அறையில் நடந்த ரகளையை யாரோ வெளியே சொல்லிவிட்டார்கள், அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது: "ரகசியம் வெளிய போயிடக் கூடாதுன்னு நானும் மேக்கப்மேனும் சேர்ந்து போட்ட நாடகம் அது. யூனிட்டே நம்பிடுச்சு." சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய்யென்று தெரிந்தும் நோட்டு அக்காவே ஒரு கணம் நம்பிவிட்டாள்.

நாடகமாம். நாலு மாதமாகப் பொம்மைக்குப் புருவம் எழுதுகிற மனுஷனுக்கு நாடகம். அவளுக்கு அன்றைக்கு வந்த கோபத்தில், டைரக்டர் மேல் இருந்தது கால்வாசி, மீதி முக்கால்வாசியும் தன் மேல்தான். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷியே இல்லை என்று முடிவு செய்தாள். உண்மையைச் சொல்லி அவர் பெயரைச் சரிசெய்ய வேண்டும், அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலை போனால் போகட்டும்.

வழி தானாக வந்தது. படத்தின் நூறாவது நாளுக்கு ஒரு கல்லூரி அரங்கத்தில் கலந்துரையாடல் வைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. டைரக்டரோடு 'திரைக்குப் பின்னால் இருப்பவர்களையும்' கூப்பிட்டிருந்தார்கள். நோட்டு அக்கா அந்த நீள நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கூடவே வந்தார். "எதையாவது உளறி வெச்சுடாதே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மேடை ஏறினபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டைரக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் மேக்கப்காரர் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை, நன்றாக ஷேவ் செய்த முகம். அவளைப் பார்த்து "வாங்க நோட்டம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று எப்போதும் போல விசாரித்தார். டைரக்டர் அடுத்த படத்துக்கு அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டுவிட்டார் என்பது அங்கேதான் தெரிந்தது. அரங்கம் நிறைந்து, படிக்கட்டுகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் விளக்கக்காரர், கையில் மைக்கோடு. கேள்வி கேட்பதற்கு அவரைத்தான் போட்டிருந்தார்கள்.

அரை மணி நேரம் டைரக்டர் பேசினார். மனித மனம் என்றார், இருட்டு என்றார், பிம்பம் என்றார். கடைசியில் மைக் நோட்டு அக்காவிடம் வந்தது. அவள் எழுந்து நின்றுகொண்டாள். உட்கார்ந்து சொல்கிற விஷயமாக அது அவளுக்குத் தோன்றவில்லை.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. ஒரே ஒரு விஷயம் சொல்லணும். அந்தத் தழும்பு கை மாறினது தப்பு. யாரும் திட்டம் போட்டு வெக்கல. நான் கண்ணாடியில பாத்து எடுத்த போட்டோவைக் காட்டி, அதே மாதிரி போடச் சொன்னேன். அண்ணன் வலதா இடதான்னு கேட்டார், நான்தான் நோட்டைப் பாக்காம சொன்னேன். தப்பு முழுக்க என்னுது. அவர் மேல பழி விழுந்தப்ப நான் வாயைத் திறக்கல. அதுக்காக இன்னைக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

அரங்கத்தின் ஒரு மூலையில் ஒருத்தர் கை தட்ட ஆரம்பித்தார், பிறகு அரங்கமே எழுந்து நின்று தட்டியது. விசில் பறந்தது. நோட்டு அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளக்கக்காரருக்கு மூச்சு வாங்கியது. "அக்கா! படத்துக்குள்ள அந்தப் பொண்ணு கண்ணாடியைப் பாத்து என்ன தப்புப் பண்ணினாளோ, அதே தப்பைப் படத்துக்கு வெளிய நீங்களும் பண்ணினதா எங்களை நம்ப வெக்கறீங்க. அப்ப படம் இன்னும் முடியல! இந்த மேடையும் அந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு. சரியா?"

"ஐயோ, இல்லப்பா" என்றாள். நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். "இங்க பாருங்க, நான் இடதுன்னுதான் எழுதியிருக்கேன். அதனாலதான் வலது தப்புன்னு சொல்றேன்."

அவர் நோட்டை வாங்கிப் படித்தார். கண் பளபளத்தது. "இடதுன்னு இவ்வளவு தெளிவா எழுதி வெச்சவங்க வலதுல போட விட்டிருக்காங்கன்னா, தெரிஞ்சேதான் விட்டிருக்கணும். தப்பா இருந்தா நோட்டுலயும் தப்பாத்தானே இருக்கும்?"

இதற்கும் கைதட்டல். கீழே மூன்றாவது வரிசையில் அவளுடைய வீட்டுக்காரர் பக்கத்து ஆளிடம் "நம்ம வீட்டுக்காரிதான்" என்று காட்டிக்கொண்டிருந்தார். டைரக்டர் இரண்டு கையையும் கூப்பி, "இவங்களுக்கு நடிப்பும் வரும்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். சிரிப்பலை அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

நோட்டு அக்கா கடைசி நம்பிக்கையாக மேக்கப்காரரைப் பார்த்தாள். அந்த மனுஷனுக்கு நடந்தது தெரியும். 'இதுல இருக்கிற மாதிரியே போடுங்க' என்று அவள் சொன்னதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இத்தனை கூத்தும் அடங்கிவிடும். "நீங்க சொல்லுங்க அண்ணா" என்றாள்.

அவர் மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "நோட்டம்மா ரொம்ப நல்லவங்க. அடுத்தவங்க பாரத்தைத் தூக்கித் தன் தலையில வெச்சுக்கிற குணம். ஆனா அது தப்பு இல்லீங்க. நான் தெரிஞ்சுதான் வலது கையில வெச்சேன். பசையைக் குழைக்கும்போதே அந்தப் பொண்ணு நிஜமான பொண்ணு இல்லைன்னு என் கைக்குத் தெரிஞ்சுது."

அரங்கம் இரண்டாவது தடவை எழுந்து நின்றது.

கூட்டம் முடிந்ததும் அவள் அவரைத் தேடிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள். குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். பட்டறைப் பெயின்ட் அவர் நகக்கண்ணில் இன்னும் இருந்தது, தோல் நிறம்.

"ஏன் அண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"தெரிஞ்சு வெச்சேன்னு. நான் உங்க பேரைச் சரிபண்ணத்தானே வந்தேன்."

"என் பேருக்கு இப்ப என்ன குறைச்சல்?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்குப் புதுப் படம். காலேஜ்ல பாடம் எடுக்கக்கூடக் கூப்பிடறாங்க."

"அந்தப் போட்டோ கண்ணாடியில எடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியாது அண்ணா. அதனாலதான்..."

"தெரியும்."

"எப்போ?"

"அன்னைக்கே. அந்த ரூம்லயே. அவர் கத்திக்கிட்டிருக்கும்போது நீங்க போனைப் பாத்தீங்க. முகம் வெளுத்துப் போச்சு. முப்பது வருஷமா முகத்துல கலர் பாக்கிறவன்மா நான். அப்புறம் போனைப் பையில போட்டீங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணா."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." குரலில் கோபம் இல்லை. பஸ் வராததைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். "உள்ள சொல்லல. சரி, பயந்துட்டாங்க, வெளிய வந்து சொல்லுவாங்கன்னு வாசல்ல நின்னேன். கொஞ்ச நேரம் இல்ல, ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் போன் பண்ணுவீங்கன்னு நினைச்சேன். பொம்மைக்குக் கண்ணு எழுதும்போதெல்லாம் போனை எதிர்லயே வெச்சிருப்பேன். ஆறு மாசம். அப்புறம் எடுத்து உள்ள வெச்சிட்டேன்."

தெரு முனை வரை போய்த் திரும்பியது அவள் வாய் வரை வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார் அவர். "இந்த ஜனங்க சொல்ற கதையில நான் விவரமானவன். டைரக்டர் சொல்ற கதையில நான் ரகசியம் காத்தவன். நீங்க மேடையில சொன்னீங்களே, அந்தக் கதையில நான் யாரு? பதினாலு வருஷம் கூட இருந்தவங்க கைவிட்டதும், ஒண்ணும் பேசத் தெரியாம பெட்டியைத் தூக்கிட்டுப் போன ஆளு. உண்மைதான். ஆனா அந்த ஆளா இருக்கிறதை நான் ஏழு மாசம் பாத்துட்டேன். எனக்கு வேண்டாம்மா அது."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சொல்ல வந்த ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "என்னை மன்னிச்சிடுங்க அண்ணா."

"எதுக்கு?"

"நான் செஞ்ச தப்புக்கு."

"தப்பு எங்க நடந்துச்சு? வேணும்னே வெச்சதுன்னு இப்பதானே அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு வந்தேன்." துண்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "நடக்காத தப்பை நான் எப்படிம்மா மன்னிக்கிறது?"

அவர் முகத்தையே பார்த்தாள். சொன்னது கருணையா தண்டனையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க. டைரக்டர் உங்களையும் கேட்டார்" என்று சொல்லிவிட்டு வெளி வாசல் பக்கம் நடந்தார்.

அவர் கண்ணுக்கு மறைவதற்கு முன்பே விளக்கக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். மைக்கைக் கீழே வைத்தார், போனை அணைத்துக் காட்டினார். "அக்கா, இதை நான் வீடியோவுல போட மாட்டேன். என் தொழில் மேல ஆணை. எனக்காக மட்டும் உண்மையைச் சொல்லுங்க. உங்க கண்ணுல தண்ணியைப் பாத்தா எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நீங்க மேடையில சொன்னதுதான் நிஜமா? அது தப்பா, வேணும்னே வெச்சதா?"

நூறு நாளில் முதல் தடவையாக, சொன்னால் நம்பக்கூடிய ஒரு முகம் அவள் எதிரில் நின்றது. ஒரு வார்த்தை போதும். இவன் நம்பினால் ஊர் நம்பும். மேக்கப்காரர் வாசலில் யாரோ இரண்டு பேரோடு படம் எடுத்துக்கொள்ள நின்றிருந்தார், தலையை லேசாகச் சாய்த்து, சிரித்துக்கொண்டு. இப்போது வாயைத் திறந்தால் அவர் மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். திறக்காவிட்டால், மன்னிப்பு என்று ஒன்று தனக்கு இந்த ஜென்மத்தில் கிடையாது. இரண்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணும்னே வெச்சதுதான் தம்பி" என்றாள். "அண்ணன் சொன்னாரே, அதான் உண்மை."

விளக்கக்காரர் உடனே நம்பிவிட்டார்.